பிள்ளையைக் கண்டிக்கும் அயலார்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், அசோசியேஷன் கூட்டங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்பத் தலைதூக்கும் சண்டை ஒன்று உண்டு. மாடிப்படியில் பந்து உதைக்கும் பையனை, லிஃப்ட் பொத்தான்களையெல்லாம் அழுத்திவிட்டு ஓடும் சிறுமியை, வாட்ச்மேனை ஒருமையில் அதட்டும் பிள்ளையை எதிர்வீட்டுக்காரர் ஒருவர் நிறுத்திக் கண்டிக்கிறார். அன்று இரவே பெற்றோரிடமிருந்து பதில் வருகிறது: ஏதாவது இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், எங்கள் பிள்ளையைக் கண்டிக்க நீங்கள் யார்? கோபத்தில் கேட்கப்பட்டாலும் இது பழைய கேள்வி, கனமான கேள்வி. ஒரு பிள்ளை யாருக்கெல்லாம் பதில் சொல்லக் கடமைப்பட்டது? பெற்றவரும் அல்லாத, ஊதியமும் வாங்காத ஒருவருக்கு அதன்மேல் உரிமையோ கடமையோ உண்டா? உண்டு என்பதே என் வாதம். பெற்றோருக்கு ஒத்தாசை என்ற அளவில் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. அயலாரின் கண்டிப்பில் பிள்ளைக்குக் கிடைக்கும் அறப்பாடம் ஒன்று இருக்கிறது. எவ்வளவு நல்ல பெற்றோராக இருந்தாலும் அதை அவர்களால் கொடுக்க முடியாது.

இந்தக் கேள்விக்கு மிகத் துணிச்சலான பதிலைச் சொன்னவர் பிளேட்டோ. 'குடியரசு' நூலின் ஐந்தாம் பகுதியில் அவர் வகுக்கும் நகரத்தில் காவலர் வகுப்பினரின் பிள்ளைகள் எல்லோருக்கும் பொது. எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் தன் பிள்ளை எதுவென்று தெரியாது. பிள்ளைக்கும் பெற்றவர் யாரென்று தெரியாது. தெரியாததாலேயே ஒவ்வொருவரும் எல்லாப் பிள்ளைகளையும் தன்னுடையதாகப் பாவிப்பார்கள் என்பது அவர் கணக்கு. அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலின் இரண்டாம் பகுதியில் இதை மறுத்தார். பலருக்குப் பொதுவாக இருப்பதற்கே மிகக் குறைந்த கவனிப்பு கிடைக்கும். குடம் தண்ணீரில் கலந்த சிறிதளவு மதுவைப் போலப் பாசம் சுவையற்றுப் போகும் என்றார். பின்னால் நடந்தது அரிஸ்டாட்டிலின் பக்கமே சாய்ந்தது. இஸ்ரேலின் கிப்புட்ஸ் பண்ணைச் சமூகங்கள் பலவற்றில் பிள்ளைகள் பெற்றோர் வீட்டில் உறங்காமல், பொதுக் குழந்தைகள் இல்லத்தில் ஒன்றாக உறங்கி வளர்ந்தார்கள். சமத்துவத்தை உயிராக மதித்தவர்கள் மனமொப்பிச் செய்த ஏற்பாடு அது. இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அவர்களே அதைக் கைவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். பாசத்தைப் பங்குபோட முடியாது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இதை வைத்து நாம் ஓர் அவசர முடிவுக்கு வந்துவிட்டோம். பாசம் பெற்றோருடையது, ஆகவே பொறுப்பும் முழுக்க அவர்களுடையதே என்று. பாசம் வேறு, பொறுப்பு வேறு. அயலாரைப் பெற்றோராக்கப் பார்த்தது பிளேட்டோவின் பிழை என்றால், அயலாரை யாருமற்றவராக ஆக்கிவிட்டது நம் நகரங்களின் பிழை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருப்பதை நான் அறிந்தவரையில் மிகத் தெளிவாகக் காட்டியவர் ஒரு தத்துவப் பேராசிரியர் இல்லை. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் பிள்ளைகளோடு குடியிருந்த எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ். அமெரிக்கப் பெருநகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றி 1961-இல் அவர் வெளியிட்ட நூலில், தெருவின் நடைபாதை பிள்ளைகளை எப்படி வளர்க்கிறது என்பதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அவருடைய மகன் சாலையின் குறுக்கே ஓடுகிறான். தெருவில் பூட்டு, சாவி வேலை செய்யும் கடைக்காரர் அவனை அதட்டுகிறார். பிறகு அந்தப் பக்கமாக வந்த தகப்பனிடமும் நடந்ததைச் சொல்கிறார். சாலையில் ஓடக் கூடாது என்பதைப் பெற்றோரும் ஆயிரம் முறை சொல்லியிருப்பார்கள். கடைக்காரரின் வாயால் அதைக் கேட்கும்போது பையனுக்குக் கூடுதலாக ஒன்று விளங்குகிறது: ஒரே தெரு என்பதைத் தவிர வேறெந்த உறவும் இல்லாத மனிதர் தன்மேல் பொறுப்பு எடுத்துக்கொள்கிறார். இந்தப் பாடத்தைக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் கற்பிக்க முடியாது என்றும் ஜேக்கப்ஸ் வற்புறுத்துகிறார். காரணம், அவர்கள் பிள்ளையைக் கவனிப்பது அவர்களுடைய வேலை; கவனிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர் கவனிப்பதில்தான் பாடமே இருக்கிறது.

இதை ஒரு படி முன்னே நகர்த்திப் பார்க்கலாம். ஒரு பிள்ளையிடம் 'செய்யாதே' என்று சொல்லும் அதிகாரம் மூன்று வழிகளில் வரக்கூடும். பெற்றவர் என்பதால், சம்பளம் வாங்குவதால், செய்த காரியம் தவறு என்பதால். முதலிரண்டில் சொல்பவர் யார் என்பதே அதிகாரத்துக்கு ஆதாரம். மூன்றாவதில் அந்த ஆதாரம் அறம் மட்டுமே. இன்றைய நடுத்தர வர்க்கப் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் வேன் ஓட்டுநர், பகலில் ஆசிரியர், மாலையில் டியூஷன், அதற்கப்புறம் கராத்தே மாஸ்டர் அல்லது நீச்சல் பயிற்சியாளர், இரவில் அம்மா அப்பா. வீட்டாரும் கட்டணம் வாங்குபவர்களும் அல்லாத பெரியவர் ஒருவர் அதனோடு பேசுவதே அபூர்வம். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி பல நேரம் அதன் தாத்தா வயதுக்காரராக இருப்பார். ஆனால் அவரால் ஓனர் வீட்டுப் பிள்ளையை ஒரு சொல் சொல்லிவிட முடியாது, வேலை போய்விடும். பிள்ளை அதைக் கவனிக்காமலா இருக்கிறது? தன்னைக் கேள்வி கேட்பவர்கள் ஒன்று தன்னைச் சேர்ந்தவர்கள், இல்லையென்றால் தன் வீட்டில் பணம் வாங்குகிறவர்கள் என்று புரிந்துகொள்கிறது. பிறகு ஒருநாள் அது ரயிலில், ஆஸ்பத்திரி வரிசையில், போக்குவரத்து சிக்னலில் முன்பின் தெரியாத மனிதர்களோடு நின்றாக வேண்டும். அவர்களுக்குத் தான் ஏன் கட்டுப்பட வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் அதன் அனுபவத்தில் இருக்காது. சட்டத்துக்குப் பயந்து கட்டுப்படலாம். பயம் விலகுகிற இடத்தில் கட்டுப்பாடும் விலகும்.

சமயங்கள் இதில் என்ன சொல்கின்றன என்று பார்த்தால், நாம் பழகிய பக்திக் கதைகளே பேசத் தொடங்குகின்றன. பெரியாழ்வார் திருமொழியில் ஆயர்பாடிப் பெண்கள் யசோதையிடம் வந்து கண்ணனைப் பற்றி முறையிடுவதாக ஒரு பகுதி அமைந்திருக்கிறது. வெண்ணெயை விழுங்கினான், பாத்திரத்தை உடைத்தான், உன் பிள்ளையைக் கூப்பிடு என்று அயல்வீட்டுப் பெண்கள் வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் அவன்மேல் கொண்ட பிரியத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பிரியம் இருந்தும் முறையீடு நிற்கவில்லை. கடவுளே பிள்ளையாக வந்தாலும் தெருவின் புகாருக்கு வெளியே வளர முடியாது என்ற எண்ணம் அந்தப் பாசுரங்களுக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், எருசலேம் திருவிழா முடிந்து ஊர் திரும்பும் மரியாளும் யோசேப்பும் பன்னிரண்டு வயது மகன் தங்களோடு இல்லை என்பதை ஒரு நாள் பயணம் வரை அறியவில்லை. உறவினரும் தெரிந்தவர்களும் வரும் கூட்டத்தில் எங்கேயோ வருகிறான் என்று எண்ணியிருந்தார்கள். அந்த நம்பிக்கை அன்று பொய்த்தது என்பது உண்மை. ஆனால் அப்படி நம்பியதை நற்செய்தி அவர்களுடைய குற்றமாகச் சொல்லவில்லை. இஸ்லாமிய மரபில் இன்னும் கூர்மையான ஒரு செய்தி உண்டு. அண்டை வீட்டாரின் உரிமையை வானவர் ஜிப்ரீல் இடைவிடாமல் வலியுறுத்தியதில், அவர்களை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று தமக்குத் தோன்றியதாக நபிகள் நாயகம் சொன்ன செய்தி அது. அண்டை வீட்டார் வாரிசாகிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சொத்தில் பங்கில்லை, இரத்தத்தில் பங்கில்லை. இருந்தும் வாரிசுக்கு ஒரு படி கீழே வரை நெருக்கம். பிளேட்டோ தவறவிட்ட எல்லைக்கோட்டை இந்த மரபு சரியான இடத்தில் போட்டிருக்கிறது.

பிள்ளைகளைப் பெற்றோரின் பொருள் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்று இங்கே ஒருவர் கேட்கலாம். மக்கட்பேறு அதிகாரத்தில் அப்படி ஒரு குறள் இருப்பது உண்மைதான். அதே அதிகாரத்தை இறுதிவரை படிக்க வேண்டும். பிள்ளைகளின் அறிவு பெற்றோரைவிட உலகத்து உயிர்களுக்கே அதிக இன்பம் தரும் என்கிறார். அதற்கு அடுத்த குறளில், பெற்ற பொழுதைவிடத் தாய் அதிகம் மகிழும் நேரம் எது என்றால், தன் மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்கும் நேரம் என்கிறார். அந்தச் சொல்லைத் தாய் தானே சொல்லிக்கொள்ள முடியாது. அவள் சொன்னால் அது பாசம்; அயலார் சொன்னால்தான் தீர்ப்பு. பாராட்டும் தகுதியை அயலாருக்குக் கொடுத்துவிட்டுக் கண்டிக்கும் தகுதியை மட்டும் மறுப்பது முரண். பிறந்தநாள் விழாவுக்குத் தளம் முழுவதையும் அழைத்து வாழ்த்தச் சொல்லும் வீடுகள், மறுநாள் அதே மனிதர்களின் ஒரு சொல்லுக்குக் கதவைச் சாத்துவதில் அந்த முரண்பாடு இருக்கிறது.

எதிர்வாதங்களில் எளிமையானது சீனத்திலிருந்து வருகிறது. சீனத் தத்துவஞானி மென்சியஸின் தாய் மூன்று முறை வீடு மாறிய கதை அது. இடுகாட்டுக்குப் பக்கத்தில் இருந்தபோது பிள்ளை சாவுச் சடங்குகளை நடித்து விளையாடினான். சந்தைக்குப் பக்கத்தில் வியாபாரிகளைப் போலக் கூவினான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகே மரியாதை பழகினான். ஆகவே, நல்ல ஏரியாவாகப் பார்த்துக் குடிபோவதே பெற்றோரின் கடமை, அங்கே போன பிறகு அயலாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பார்கள். சென்னையில் கேட் வைத்த குடியிருப்புகள் இந்த நம்பிக்கையின் மேல்தான் விற்கப்படுகின்றன. ஆனால் அந்தக் கதையின் அடிப்படையே பிள்ளையை அயல் வளர்க்கிறது என்ற ஒப்புதல்தான். அதை ஒப்புக்கொண்ட பிறகு, தன் பிள்ளைக்காக நல்ல அயலைத் தேடுகிறவர் பிறர் பிள்ளைக்கு நல்ல அயலாராக இருக்க மறுத்தால் அது வாங்கிக்கொண்டு கொடுக்க மறுப்பது. சந்தைத் தெருவிலேயே தங்கிவிட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் அந்தக் கதை மறந்துவிடுகிறது. எல்லாத் தாய்மார்களாலும் வீடு மாற முடியாது.

கடினமான எதிர்வாதம் பாதுகாப்பைப் பற்றியது. அயலாரை நம்பு என்று சொல்வது பிள்ளையை ஆபத்தில் தள்ளுவதாகாதா? இந்தக் கேள்விக்கு வழவழவென்று பதில் சொல்லக் கூடாது. இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அத்துமீறியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். தெரிந்தவர்கள் என்பதற்குள் அயலாரும் வருகிறார்கள், உறவினரும் வருகிறார்கள். கதவைச் சாத்திக்கொள்வது இதற்கு விடையாகாது என்பதை இந்தத் தகவலே சொல்கிறது. ஆபத்து சாத்திய கதவுக்கு உள்ளேயும் இருக்கும்போது, அதைக் கவனித்துக் குரல் கொடுக்க வெளியே ஒருவர் வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த அல்லது நடக்கக்கூடும் என்று அஞ்சும் எந்த நபரும் தகவல் தர வேண்டும் என்கிறது. பெற்றோர், ஆசிரியர் என்று அது வரம்பு கட்டவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை எனக்கு என்ன என்று கேட்கும் உரிமையைச் சட்டமே நம்மிடமிருந்து எடுத்துவிட்டது. அயலார் பிள்ளையை நாள்தோறும் பார்த்து, இரண்டு வார்த்தை பேசி, அதன் முகம் வாடியிருப்பதை அறியும் பழக்கம் இல்லாத இடத்தில் இந்தச் சட்டக் கடமை காகிதத்தில்தான் இருக்கும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். அடி வாங்கும் பிள்ளையின் அழுகைச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டும், அது அவர்கள் குடும்ப விஷயம் என்று தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொள்ளும் நாகரிகத்தை நாம் கண்ணியம் என்று அழைக்கத் தொடங்கிவிட்டோம்.

இன்னொரு எதிர்வாதம் நம் மண்ணுக்கே உரியது. அதன் நியாயம் எனக்கு முழுக்க உறைக்கிறது. தெரு சேர்ந்து பிள்ளை வளர்த்த காலத்தில் தெரு எதைக் கற்றுக்கொடுத்தது? எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது, யார் வீட்டில் சாப்பிடக் கூடாது, பெண் பிள்ளை யாரோடு பேசக் கூடாது என்பதையும் சேர்த்துத்தான் கற்றுக்கொடுத்தது. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இருந்த ஸ்டோர் வீடுகளில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஒண்டுக்குடித்தனம் செய்த குடும்பங்களின் பிள்ளைகள் எல்லோருக்கும் செல்லப்பிள்ளைகள் என்று உருகுகிறவர்கள், அந்த முற்றத்துக்குள் யாருக்கு வாடகைக்கு இடம் கிடைத்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை அவருடைய வீட்டிலேயே புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்த பிள்ளைகள். அதைத் தொடர்ந்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. அந்தக் கயிற்றின் நிறத்தைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சுற்றியிருந்த பெரியவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னும் பின்னே போனால் புறநானூற்றின் 312-ஆம் பாடல் இருக்கிறது. பிள்ளை வளர்ப்பைத் தாய், தகப்பன், கொல்லன், வேந்தன் என்று பொன்முடியார் பிரித்துக் கொடுக்கும்போது அது எவ்வளவு அழகான கடமைப் பகிர்வு என்று தோன்றும். அந்தப் பகிர்வு பிள்ளையைக் கொண்டு சேர்க்கும் இடம் போர்க்களம். ஊர் பிள்ளையின்மேல் உரிமை கொண்டாடத் தொடங்கினால் அதைச் செலவழிக்கவும் துணியும்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் என் வாதம் நிற்கிறது. ஒரு நிபந்தனையோடு நிற்கிறது. மேலே சொன்ன தெரு, பிள்ளையைக் கண்டித்தது அறத்தின் பெயரால் அன்று. 'நம்மவர்' என்ற உறவின் பெயரால். பெண் பிள்ளை யாரோடு நடந்தாள் என்று வீட்டில் வந்து சொல்பவர், அவள் நம் சாதிப் பெண், நம் தெருவின் மானம் என்ற உரிமையில் சொல்கிறார். அங்கே அயலார் அயலாராக இல்லை; விரிந்துபோன குடும்பமாக, சில நேரம் குடும்பத்தைவிடக் கொடிய குடும்பமாக இருக்கிறார். நான் வேண்டுவது சொந்தம் கொண்டாடாத அயலாரின் கண்டிப்பை. அதைப் பிரித்தறிவது அவ்வளவு கடினமும் இல்லை. அந்தக் கண்டிப்பு எந்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்றாகவே இருக்கும். ஓனர் வீட்டுப் பையனுக்கு ஒரு குரல், பாத்திரம் கழுவ வரும் அம்மாவோடு வந்த பையனுக்கு வேறொரு குரல் என்று இருக்காது. பிள்ளையின் செயல் பிறரைப் புண்படுத்தும் இடத்தில் மட்டும் வரும். அதன் உடை, நட்பு, வழிபாடு, மதிப்பெண் பற்றி வராது. நான்கு பேர் பார்க்கும் இடத்தில் நடக்கும்; பெற்றோரிடமும் சொல்லப்படும். கை நீளாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இலேயே ஆசிரியரின் பிரம்பைத் தடைசெய்துவிட்ட நாட்டில் எதிர்வீட்டுக்காரருக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்? பிள்ளை திருப்பிக் கேட்டால் பதில் சொல்லவும், தன் பக்கம் தவறு இருந்தால் பிள்ளையிடமே மன்னிப்புக் கேட்கவும் அந்த அயலார் தயாராக இருக்க வேண்டும். அறத்தின் பெயரால் பேசுகிறவர் அந்த அறத்துக்குத் தாமும் உட்பட்டவர்தானே.

பெற்றோரின் தரப்பிலும் ஒரு கடமை இருக்கிறது. புகார் வந்ததும் 'எங்க பையன் அப்படிச் செய்யவே மாட்டான்' என்று வாசலிலேயே தீர்ப்புச் சொல்லாமல், பிள்ளையைக் கூப்பிட்டு அயலாரின் முன்னிலையில் கேட்பது. பிள்ளை செய்யவில்லை என்றால் அதன் பக்கம் நிற்பது, செய்திருந்தால் போய் வருத்தம் தெரிவிக்கச் சொல்வது. இது பிள்ளையை விட்டுக்கொடுப்பதாகாது. தன் பாசத்துக்கு வெளியேயும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதைப் பெற்றோர் பிள்ளையின் கண்முன்னே ஒப்புக்கொள்வது அது.

இதெல்லாம் தனிமனிதரின் நல்ல குணத்தை மட்டும் பொறுத்தது என்று நான் நினைக்கவில்லை. சாம்ப்சன், ராடன்புஷ், ஏர்ல்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் சிகாகோ நகரத்தின் 343 வட்டாரங்களில் 8,782 பேரிடம் கேட்டு 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நின்றால் உங்கள் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா, பெரியவர் ஒருவரை மரியாதைக் குறைவாக நடத்தினால் கேட்பார்களா என்பவை அதில் இருந்த கேள்விகள். செய்வார்கள் என்று மக்கள் நம்பிய வட்டாரங்களில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: வசதியின்மை குவிந்திருந்த இடங்களிலும், மக்கள் நிலையாகத் தங்காமல் மாறிக்கொண்டே இருந்த இடங்களிலும் அந்த நம்பிக்கை தேய்ந்திருந்தது. பிறர் பிள்ளையைக் கண்டிக்க முதலில் அந்தப் பிள்ளையின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரிய ஆண்டுகள் ஆகும்.

அந்த ஆண்டுகளை ஒரே நாளில் அழிக்கவும் முடியும், அதைச் சென்னை செய்திருக்கிறது. கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பெரும்பாக்கத்தின் எட்டுத் தளக் கட்டடங்களுக்குக் கொண்டுபோனபோது ஒதுக்கீட்டு ஆணையில் வீட்டின் எண் இருந்தது. பழைய பக்கத்து வீடு இல்லை. வீட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் கரையோரக் குடிசைகளில் பிள்ளையை விட்டுச் சென்றது ஆயாவிடமோ காப்பகத்திலோ இல்லை. எதிர்க்குடிசைப் பாட்டியின் கண்பார்வையில். தெருவில் இருந்தவர்கள் வெவ்வேறு பிளாக்குகளுக்குச் சிதறியபோது அந்தப் பார்வை போனது. வேலைக்கு நகரத்துக்குள் போய்வர மணிக்கணக்கில் பேருந்துப் பயணமும் சேர்ந்துகொண்டதால், பிள்ளை பூட்டிய வீட்டுக்குத் திரும்பியது. அங்கே வளரும் பிள்ளைகளைப் பற்றிக் காவல் நிலையம் மூலமாகவே பேசிக்கொண்டிருக்கும் அரசு, இருந்த இடத்திலேயே வீடு கட்டித் தருவதை முதல் வழியாகக் கொள்ள வேண்டும். அது முடியாத இடத்தில் ஒரே தெருவில் வாழ்ந்த குடும்பங்களை ஒரே தளத்தில், அடுத்தடுத்த கதவுகளில் குடியேற்ற வேண்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பயனாளிகளின் பட்டியலைத் தெருவாரியாக எடுத்து, தெருவாரியாகவே சாவியைக் கொடுத்தால் போதும்.